மூன்று முறை பொறுக்கிய கடலை

ஜனவரி 6, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். நானாக விரும்பி அல்ல. ஹைதராபாத்தில் ஐந்து நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசி நாளன்று பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, "தினமும் உங்கள் பலவீனம் ஒன்றை இதில் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள், நீங்களே அசந்துபோவீர்கள்" என்றார். அவருக்கு முப்பது வயதிருக்கும். எனக்கு ஐம்பத்தாறு. இருந்தாலும் நோட்டு நல்ல தாளாக இருப்பதால் வீணாக்க மனமில்லை.

முறைப்படி என்னைப் பற்றி: முனைவர் பரந்தாமன். வந்தவாசிக்கு வெளியே இருக்கும் எங்கள் நிலக்கடலை ஆய்வு மையத்தில் உணவுப் பாதுகாப்புப் பிரிவின் தலைவர். பிரிவில் என்னையும் ஆய்வக உதவியாளர் சகாயராணியையும் தவிர வேறு ஆள் கிடையாது. அதனால் என்ன, தலைவர் தலைவர்தான்.

கென்யா, செனகல், மலாவி, வியட்நாம், இந்தியா ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்துகிறோம். ஈரக் கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அது அஃப்லடாக்சின் என்றொரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் கல்லீரலுக்குத் தெரியும். எந்த ஊர்க் கடலையில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. வரும் பிப்ரவரி 14 அன்று சென்னையில் கூட்டம். ஐந்து நாட்டுக்கும் சேர்த்து அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தலைவரை அன்று தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டியில் இருப்பது நானும் நைரோபியிலிருந்து டாக்டர் முத்தோனி என்ற அம்மையாரும்.

எனக்கு அந்தப் பதவி வேண்டும். இதை நோட்டில் எழுதலாம், தவறில்லை. இருபத்தொன்பது வருடமாகக் கடலையை நசுக்கிக்கொண்டிருக்கிறேன்.

வசுமதியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "ரெண்டே பேர்தான் போட்டின்னா கவலையே இல்லீங்க. தோத்தாலும் ரெண்டாவது பரிசு நிச்சயம்" என்றாள்.

இன்றைய பலவீனம்: எதையும் தேவைக்கு மேல் சரியாகச் செய்துவிடுவது.

ஜனவரி 9, வியாழன்

முடிவுகள் வந்துவிட்டன. எட்டு ஊர்கள், இருநூற்று நாற்பது மாதிரிகள். ஒன்றுகூட அனுமதித்த அளவைத் தாண்டவில்லை. முக்கால்வாசி மாதிரிகளில் நச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை. நவம்பரில் அறுவடை நேரத்தில் பிடித்துக்கொண்ட மழையை நினைத்தால் இது பெரிய அதிசயம். செடியோடு பிடுங்கிப் போட்ட கடலை வயலிலேயே ஒரு வாரம் நனைந்துகொண்டு கிடந்தது. அப்படியிருந்தும் இந்த முடிவு!

இதில் என் பங்கும் உண்டு என்பதை அடக்கத்தோடு எழுதி வைக்கிறேன். மாதிரி எடுக்கப் போவதில் நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். வேறு நாடுகளில் செய்வதுபோல் திடுதிப்பென்று ஊருக்குள் நுழைந்து மூட்டைக்குள் கையை விடுவதில்லை. பத்து நாள் முன்பே ஐந்து நாட்டுக் கொடியும் அச்சடித்த தாளில் கடிதம் போடுவேன். "உங்கள் ஊர்க் கடலை உலக ஆய்வுக்குச் செல்கிறது. இன்ன தேதியில் வருகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கிலோ எடுத்து வைத்து உதவ வேண்டுகிறோம்." ஊர் மக்களை மதிக்க வேண்டும். மதித்தால் அவர்களும் மதிப்பார்கள். போன இடமெல்லாம் கடலை புது மஞ்சள் பையில் தயாராக இருந்தது. இரண்டு ஊரில் பைக்குப் பொட்டுகூட வைத்திருந்தார்கள்.

சகாயராணி மாதிரிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே, "சார், எல்லாக் கொட்டையும் ஒரே அளவா, மினுமினுன்னு இருக்கு பாத்தீங்களா?" என்றார்.

"மண் வாகு, சகாயராணி."

"எங்க வீட்டுக்காரர் சந்தையில வாங்கியாரதும் இதே மண்ணுதான் சார்."

வீட்டுக்காரருக்குப் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சக ஊழியரின் குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இன்றைய பலவீனம்: அளவுக்கு மீறிய நாகரிகம்.

ஜனவரி 10, வெள்ளி

இயக்குநர் முடிவுகளைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். பதினோரு வருடத்தில் முதல் முறை. 'நச்சில்லாக் கடலை வட்டாரம்' என்று பேனர் அடிக்கப்போகிறாராம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கூட்டத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த கோட்டு வந்தது. இடுப்பில் பித்தான் சேரவில்லை. தையற்காரர் அளவைத் தவறாக எடுத்துவிட்டார். வசுமதி என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தையற்காரர் மேல் தப்பு சொல்லாமல் சர்க்கரைப் பொங்கலை மட்டும் என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள்.

ஜனவரி 20, திங்கள்

ஐந்து நாட்டு ஆட்களும் காணொலியில் சந்தித்தோம். கென்யாவில் எடுத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை. டாக்டர் முத்தோனி அதைக் கொஞ்சமும் கூச்சப்படாமல் படம் போட்டுக் காட்டினார். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய், மூட்டையின் மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று இடத்தில் கைவிட்டு எடுக்கிறார்களாம். எனக்குப் பாவமாக இருந்தது.

என் முறை வந்தபோது இருநூற்று நாற்பதும் தேறின என்று சொன்னேன். செனகல்காரர் கைதட்டினார். முத்தோனி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் மாதிரிகளில் சுருங்கியது, உடைந்தது எத்தனை சதவீதம் இருந்தது?"

"ஒன்றுகூட இல்லை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் சத்தமே இல்லை. நைரோபியில் இணையம் அவ்வளவு சரியில்லை போலிருக்கிறது. பிறகு அவர், கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பாகவே வந்து எங்கள் ஊர்களைப் பார்க்க விரும்புவதாகச் சொன்னார். நம்மிடம் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்களை மறுக்கக் கூடாது. உடனே எட்டு ஊர்களில் ஒன்றான எறையாங்குப்பத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

முத்தோனி வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறார். சிரித்தால் விருந்தினர் விடுதி முழுக்கக் கேட்கிறது. எறையாங்குப்பத்துக்கு நாளை மறுநாள் போகிறோம் என்றேன்.

"நாம் வருவது அவர்களுக்குத் தெரியுமா?"

"பின்னே? இரண்டு வாரம் முன்பே கடிதம் போட்டாயிற்று."

அதற்கும் ஒரு பெரிய சிரிப்பு. எங்கள் ஒழுங்கு அவருக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

எறையாங்குப்பம் போய் வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை, சோடா, அவித்த கடலை எல்லாம் ஆன பிறகு, முத்தோனி வியாபாரியின் களத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே உடைத்த கடலைப் பருப்பைக் குவித்து வைத்து, சுற்றிலும் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரிபோல இருந்தவர் கன்னியம்மா. ஐம்பது வயதிருக்கும். முகத்தைப் பார்த்துப் பேசுவார், விரல்கள் பாட்டுக்குத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருக்கும். எங்களுக்கு நவம்பரில் மாதிரிப் பைகளைத் தயார் செய்து கொடுத்ததும் இவர்கள்தானாம்.

முத்தோனி ஆங்கிலத்தில் கேட்க, சகாயராணி தமிழில் கேட்டார்.

"அக்கா, இந்தக் குமி யாருக்கு?"

"அது யாவாரிக்கு."

"இந்தச் சின்னக் குமி?"

"அது சொத்தையும் சுருங்கலும். எங்களுக்கு. பொறுக்கறவங்க எடுத்துக்கலாம்னு இங்க வயக்கம்."

"எடுத்துட்டுப் போயி?"

"இன்னாம்மா கேள்வி இது? மல்லாட்டைய இன்னா பண்ணுவாங்க? சட்னி அரைப்போம், பொடி இடிப்போம்." இந்தப் பக்கத்தில் கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர்.

முத்தோனி குந்தி உட்கார்ந்து ஏதோ சொன்னார். சகாயராணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் கேட்டார். "நவம்பர்ல எங்க சாருக்குக் குடுத்தீங்களே, அது எந்தக் குமி?"

கன்னியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐயே, அது எந்தக் குமியும் கெடையாது. யாவாரிக்கு ஒருவாட்டிதான் பொறுக்குவோம். சாருக்கு மூணு வாட்டி பொறுக்கினோம். எட்டூருக்கும் நாங்கதான் போயி பொறுக்கிக் குடுத்தது. லெட்டரு போட்டு, ஒலகமே பாக்கப்போவுதுன்னு சொல்லிட்டு, சொத்தையோட குடுத்தா ஊருக்கு அசிங்கமில்லியா? பத்து நாளு டைமு வேற இருந்துது. ஒரு கறுப்புக் கொட்ட இருந்துதா, நீங்களே சொல்லுங்க சார்?"

"இல்லை" என்றேன்.

களத்தில் குருவிகள் அதிகம், சத்தமும் அதிகம். அவர் சொன்னது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

கிளம்பும்போது முத்தோனி சின்னக் குவியலிலிருந்து இரண்டு கை அள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டார். ஊர் நினைவாக இருக்கலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

வயிற்றுவலி என்று விடுப்பு போட்டேன். வயிறு நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆய்வகத்துக்குப் போனபோது முத்தோனியும் சகாயராணியும் எனக்கு முன்பே வந்து, அந்த இரண்டு கை கடலையைப் பரிசோதித்து முடித்திருந்தார்கள். அனுமதித்த அளவைப்போல் இருபத்தாறு மடங்கு நச்சு.

கருவி கோளாறு என்றேன். சகாயராணி கருவியைச் சரிபார்த்துவிட்டு மறுபடி செய்தார். இருபத்தாறு. மருந்து காலாவதி ஆகியிருக்கும் என்றேன். புதுப் பெட்டியைப் பிரித்து மூன்றாவது முறை செய்தார். இருபத்தேழு.

முத்தோனி தேநீர் குடிக்க வெளியே போனதும் சகாயராணியிடம் மெதுவாகச் சொன்னேன். "இந்த அம்மா எனக்குப் போட்டி. அது உங்களுக்குத் தெரியுமில்ல? வரும்போதே பையில ஏதாவது கொண்டுவந்து கலந்திருந்தா?"

சகாயராணி என்னோடு பதினாறு வருடம் வேலை பார்த்தவர். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. "சார், அந்த மேடம் நம்ம கண்ணு முன்னாலதான் அள்ளினாங்க. உங்களுக்குச் சந்தேகமா இருந்தா நீங்களே போயி அள்ளிட்டு வாங்க."

போகத்தான் போகிறேன். போய் அள்ளி வந்து, இது வெறும் தற்செயல் என்று நிரூபிக்கத்தான் போகிறேன்.

பிப்ரவரி 8, சனி

ஸ்கூட்டரில் தனியாக எறையாங்குப்பம் போனேன். கடிதம் போடவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் ஊருக்குள் சொல்லாமல் நுழைகிறேன். தெருவில் போகும்போது திருட்டு விழி விழித்திருப்பேன்போல, இரண்டு நாய்கள் பின்னாலேயே வந்தன.

களத்தில் பொறுக்குகிற நான்கு பெண்களின் வீட்டுக்குப் போய், வீட்டில் சமைக்க வைத்திருக்கும் கடலையில் கொஞ்சம் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "நாளைக்கு வாங்க சார், பொறுக்கி வைக்கிறோம்." இல்லை, இப்போதே, இருக்கிறபடியே வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒருவர் முறத்தை எடுக்க உள்ளே போனவர், நான் விடாமல் கூப்பிட்டதும்தான் திரும்பி வந்தார்.

கடைசியாகக் கன்னியம்மாவின் வீடு. சாப்பாட்டு வேளை. உட்காராமல் விடமாட்டேன் என்றுவிட்டார். சுடச்சுட கேழ்வரகுக் களி, நடுவில் குழி பண்ணிக் கடலைச் சட்டினி. "நம்ம வூட்டு மல்லாட்டைதான் சார், கடையில வாங்கினது இல்ல" என்றார்.

அந்தச் சட்டினியில் என்ன இருக்கிறது என்று அந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அதாவது, தெரியாது. நிரூபிக்கப்படாத ஒன்று. ஒரு வேளை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். சாப்பிட்டேன். வெகு ருசி. கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார். அவர் மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதே சட்டினியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். பத்து வருடமாகக் காலையும் மதியமும் இதுதான் என்றார் கன்னியம்மா. நான் வாட்ச்சைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஸ்கூட்டர் கிளம்பும்போது, "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா? மொகமே நல்லால்ல" என்று கேட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

நான்கு வீடு. பத்தொன்பது மடங்கு, முப்பத்தொன்று, இருபத்திரண்டு. கன்னியம்மா வீடு நாற்பது.

யோசித்துப் பார்த்தால் இதில் புரியாதது எதுவும் இல்லை. வயலில் நனைந்த கடலையின் கெடுதலையெல்லாம் இந்தப் பெண்கள் விரல்விரலாகப் பிரித்தெடுத்து, நல்லதை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டதை மட்டும் தங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். நான் கடிதம் போட்டு, பத்து நாள் கொடுத்து, அதை இன்னும் மூன்று மடங்கு சுத்தமாகச் செய்யவைத்தேன். பிறகு அந்தச் சுத்தத்தை அளந்து ஐந்து நாட்டுக்குக் காட்டினேன்.

இதை எழுதுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

சாயங்காலம் முத்தோனியிடம் எண்களைக் காட்டினேன். என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"என்னிடம் கேட்காதீர்கள், பரந்தாமன். எனக்கும் அந்த நாற்காலி மேல் ஆசை இருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் நீங்கள் சந்தேகப்படுவீர்கள். படத்தான் வேண்டும், நானாக இருந்தாலும் படுவேன். இது உங்கள் ஊர், உங்கள் எண்கள். கூட்டத்தில் நானாக வாய் திறக்கமாட்டேன்."

இப்படிச் சொல்வதற்குப் பதில் என்னை மிரட்டியிருக்கலாம். வசதியாகக் கோபப்பட்டிருப்பேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இயக்குநரிடம் ஜாடையாகப் பேச்செடுத்தேன். "மாதிரி எடுத்த விதத்தில் சிறு குறை இருக்கலாம் சார்."

"எந்த ஆய்வுலதான்யா குறை இல்ல? கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டுடு" என்றார். பேனர் வந்துவிட்டதாம். பன்னிரண்டு அடி. என் படமும் இருக்கிறது, பழைய படம், முடி நிறைய இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வசுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள். நடுநடுவே "ம்" கொட்டினாள். முடித்ததும் பேனாவை மூடினாள்.

"ஏங்க, பத்து நாள் முன்னாடியே கேள்வித்தாளைக் குடுத்துட்டு, எல்லாப் பிள்ளைங்களும் நூத்துக்கு நூறுன்னு இத்தனை நாளா ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்களா?"

"சிரிக்காதே வசு."

"நான் சிரிக்கல. அந்தக் கன்னியம்மாவுக்கு விஷயம் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியும். இன்னிக்குச் செவ்வாய். மூணு நாள் சாப்பிட்டிருப்பாங்க இல்ல?" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேனாவைத் திறந்துவிட்டாள். எனக்குத்தான் உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்றைய பலவீனம்: பயம்.

பிப்ரவரி 13, வியாழன்

சென்னை. ஓட்டல் அறையில் உட்கார்ந்து இரண்டு உரைகள் தயாரித்தேன். முதல் உரையில் பதினெட்டுப் பக்கம், படங்கள், வண்ண வரைபடம் எல்லாம் இருக்கின்றன. இரண்டாவது உரை ஒன்றரைப் பக்கம். முதலாவதைக் கண்ணாடி முன்னால் படித்துப் பார்த்தேன், பிரமாதமாக வந்தது. இரண்டாவதைப் படித்தபோது நாலாவது வரியோடு தாளை மடித்துவிட்டேன். இரண்டையும் பையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பேசினேன். ஒன்றரைப் பக்கத்தை. மற்றதை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 15, சனி

மேடையில் எனக்குப் பின்னால் 'நச்சில்லாக் கடலை வட்டாரம்'. அதற்கு முன்னால் நின்றுகொண்டு, "இந்த பேனரில் இருப்பது தவறு, தவறு என்னுடையது" என்று தொடங்கினேன். இயக்குநர் முதலில் நான் ஏதோ அடக்கத்துக்காகப் பேசுவதாக நினைத்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். புன்னகை எப்போது நின்றது என்று நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் தொடர்ந்திருக்கமாட்டேன்.

இருநூற்று நாற்பது மாதிரிகளையும் திரும்பப் பெறுகிறேன் என்றேன். கடிதம் போட்டுப் போனதையும் மூன்று முறை பொறுக்கியதையும் சொன்னேன். அந்த இடத்தில் செனகல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, பொறுக்கி ஒதுக்கியது எங்கே போகிறது என்று சொன்னேன். நாற்பது மடங்கு என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மலாவிக்காரர் கேட்டார், "உங்கள் ஊரில் பொறுக்குகிற பெண்கள் எத்தனை பேர்?" எனக்குத் தெரியவில்லை. எட்டு ஊரில் எத்தனை ஏக்கர் கடலை, எத்தனை டன் விளைச்சல், எத்தனை செக்கு என்று எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். அவர்களை எண்ணியதே இல்லை. தெரியாது என்றேன். அன்று நான் சொன்னதில் மிகக் கஷ்டமான வார்த்தை அதுதான்.

முத்தோனி தலைவரானார். எனக்கு ஒரு ஓட்டு விழுந்தது. போட்டது யாரென்று தெரியாது. நான் இல்லை, நான் முத்தோனிக்குப் போட்டேன். வருத்தமாக இல்லை என்று எழுதினால் பொய். நேற்று ஓட்டல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன்.

இயக்குநர் வரும் வழியெல்லாம் பேசவில்லை. திண்டிவனத்தில் காபிக்கு நிறுத்தியபோது மட்டும், "பன்னிரண்டு அடிய்யா" என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

முத்தோனி நைரோபிக்குக் கிளம்பினார். போகுமுன் ஆய்வகத்துக்கு வந்து, ஐந்து நாட்டிலும் இனிமேல் மூட்டையோடு சேர்த்துச் சமையலறையிலும் மாதிரி எடுக்க வேண்டும் என்று தலைவராகத் தன் முதல் உத்தரவை எழுதப்போவதாகச் சொன்னார். அதற்கு எறையாங்குப்பத்திலிருந்து ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டார். உத்தரவா, வேண்டுகோளா என்று கேட்டேன். "இப்போது நான் தலைவர், உத்தரவுதான்" என்று அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தார். சகாயராணியும் கூடச் சிரித்தார். பதினாறு வருடத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. என்னிடம் வேடிக்கையாகப் பேச யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

எறையாங்குப்பம். நானும் சகாயராணியும் போனோம். களத்தில் பொறுக்கும் பெண்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். முதலில் அவர்களை எண்ணினேன். இருபத்திரண்டு பேர். இன்று வராதவர்கள் ஏழு.

பூஞ்சணம், நச்சு, கல்லீரல் எல்லாவற்றையும் என்னால் முடிந்த அளவு எளிதாகச் சொன்னேன்.

"வறுத்துதான சார் அரைக்கிறோம்?" என்றார் ஒருவர்.

"வறுத்தாலும் போகாதும்மா."

"அவிச்சா?"

"அவிச்சாலும்."

முறத்தில் இருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. கன்னியம்மாவின் விரல்கள் சும்மா இருந்து இன்றுதான் பார்த்தேன்.

"சார், அன்னிக்கு எங்க வூட்ல களி துன்னீங்களே, அப்பவே தெரியுமா?" என்று கேட்டார்.

"முக்கால்வாசி தெரியும்."

"தெரிஞ்சும் துன்னீங்க."

"நீங்க வச்சீங்க. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. ஆனா அதுக்கப்புறம் பத்து நாள் சொல்லாம இருந்தது தப்பு. மன்னிச்சுக்குங்கம்மா."

அவர் மன்னித்தாரா என்று தெரியவில்லை. வேறொன்று கேட்டார். "செரி, இத்த துன்ன வேணாங்கிறீங்க. நல்லத குடுக்கச் சொல்லுங்க யாவாரிய. நாங்களா வேணாங்கிறோம்?"

இதைவிடச் சுருக்கமான பரிந்துரையை எந்த ஆய்வறிக்கையிலும் நான் படித்ததில்லை. என் அறிக்கையின் முதல் வரியாக இதை அப்படியே போடப்போகிறேன், அவர் பெயரோடு. அங்கிருந்தே வியாபாரியிடம் போனோம். ஒதுக்கும் சொத்தைக்குப் பதில் பொறுக்குகிறவர்களுக்கு நல்ல பருப்பில் பங்கு என்று பேசினோம். பார்க்கலாம் என்றார். மறுபடி போவேன். சொல்லாமல்தான் போவேன்.

திரும்பும் முன் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. கன்னியம்மா தன் வீட்டு அடுப்படியில் கடலை டப்பாவைத் திறந்து, முறத்தில் கொட்டினார். பொறுக்காமல், இருக்கிறபடியே இரண்டு கை வேண்டும் என்றேன். தலையாட்டினார். அள்ளினார். அள்ளிய கையில் ஒரு கறுப்புக் கொட்டை மேலாக இருந்தது. அவரை அறியாமலே மற்றக் கை வந்து அதை எடுத்துவிட்டது.

"அம்மா" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பப் போட்டார். மறுபடி அள்ளினார். மறுபடி விரல் போனது. இந்த முறை தானாகவே பாதியில் நிறுத்திக்கொண்டார். முப்பது வருடமாக வெளியாருக்கென்று கொடுத்த எதிலும் ஒரு சொத்தை போனதில்லை அந்தக் கையிலிருந்து. கண்ணை என் பக்கம் திருப்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, கறுப்பும் சுருங்கலும் பூஞ்சணமுமாக அந்த இரண்டு கை கடலையையும் என் பைக்குள் போட்டார்.

"இப்பிடி ஒருத்தருக்கு இன்னி வரைக்கும் நான் குடுத்ததில்ல சார்" என்றார்.

பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.